சிலந்திப் பையனை முதலில் பார்த்தபோது உங்களுக்கு என்ன வயது, அவனுக்கு என்ன வயது?

காந்தி ரோட்டுக்காரன்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. ஸ்பைடர்மேனை முதலில் எங்கே பார்த்தீர்கள்? படமோ, டிவியோ, புத்தகமோ, பென்சில் டப்பாவோ, எதுவானாலும் சரி. கூடவே அப்போது அவனுக்கு என்ன வயது என்பதையும் சொல்லுங்கள். ஏன் கேட்கிறேன் என்றால், என் தம்பி மகன் பார்க்கிறவன் பள்ளிக்கூடப் பையன், நான் பார்த்தவன் கல்லூரிக்காரன், இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோமா என்றே போன வாரம் சந்தேகம் வந்துவிட்டது.

நானே ஆரம்பிக்கிறேன். 1991, எனக்கு 12 வயது. யாரோ சொல்லக் கேட்டு பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் போய் ஸ்பைடர்மேன் கேட்டேன். கடை பாய் தேடியெல்லாம் பார்க்கவில்லை, சட்டென்று ஒரு லயன் காமிக்ஸை எடுத்து நீட்டினார். அட்டையில் கறுப்பு உடை, கூர்மண்டை, கூரான காது, கையில் துப்பாக்கி. வீட்டுக்கு வந்து படித்தால் இவன் திருடர்களுக்கே ராஜாவாகப் பார்க்கிறான். அது வேறு ஸ்பைடர், 1965ல் பிரிட்டனில் வந்த தொடர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்கூட அதற்குக் கதை எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. அந்த வயதில் பாய் என்னை ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். (படித்து முடித்ததும் கூர்மண்டையனும் பிடித்துப்போனான், அது தனிக் கதை.)

அசல் ஆள் கிடைத்தது லாட்ஜில். அப்பா காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். காந்தி ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற கல்கத்தாக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள், மெஸ் போர்டுகூட வங்காளத்தில் எழுதியிருக்கும். ரூமைக் காலி செய்யும்போது பக்கெட், ஸ்டவ், புத்தகம் என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். அப்படி விட்டுப்போன ஒரு ஆங்கிலக் காமிக்ஸ் அப்பா கையில் வீட்டுக்கு வந்தது. முன்னட்டையும் இல்லை, பின்னட்டையும் இல்லை, கடைசித் தாளின் கீழ் மூலையைக் கரையான் தின்றிருந்தது. முதல் பக்கத்து ஓரத்தில் யாரோ சின்னக் கையெழுத்தில் வங்காளத்தில் எழுதியிருந்தார்கள், பெயராக இருக்கலாம்.

கதை இதுதான். அவனை வளர்த்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எப்போதோ ரத்தம் தேவைப்பட்டபோது இவன் கொடுத்திருக்கிறான், இவன் ரத்தத்தில் கதிரியக்கம் இருப்பதால் அதுவே இப்போது அவரைக் கொல்கிறது. காப்பாற்றக்கூடிய ஒரே மருந்தை டாக்டர் ஆக்டபஸின் ஆட்கள் திருடிவிடுகிறார்கள். தேடிப்போன இடத்தில் ஒரு பிரம்மாண்ட இயந்திரம் இவன்மேல் சாய்கிறது. மருந்துக் குப்பி கண்ணெதிரே, கைக்கு எட்டாத தூரத்தில். மேலே இருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவ்வளவுதான், அதற்குமேல் பக்கம் இல்லை.

கிழிந்துபோன மிச்சத்தைத் தேடி அந்த ரூம் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். கிடைக்கவில்லை. 2003ல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் படிக்கிறவரை, பன்னிரண்டு வருடம் என் கணக்கில் அவன் அந்த இயந்திரத்துக்கு அடியிலேயேதான் கிடந்தான்.

தறிக்காரர் மகன், குடியாத்தம்

எனக்கு 10, அவனுக்குப் படம் ஆரம்பிக்கும்போது பதினேழு பதினெட்டு இருக்கும், பாதிப் படத்தில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டான். 2002ல் தமிழில் டப் செய்து வந்த படம்தான். அதற்கு முன்னால் காமிக்ஸ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், தறிக்குப் பாவு ஓட்ட வைத்திருந்த நூலில் ஒரு கட்டு எடுத்து வாசக்கால், ஜன்னல் கம்பி, துணி காயப்போடும் கொடி எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிக் கட்டி வலை பின்னிவிட்டேன், நடுவில் நான். அப்பா லுங்கி பீஸ் கொடுக்கப் போனவர் வந்து வாசலிலேயே நின்றார். சிக்கெடுக்கவே முடியாத அளவுக்கு நூல் வீணாகியிருந்தது. முதுகில் எத்தனை விழுந்தது என்று எண்ணவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் வலை அவன் மணிக்கட்டிலிருந்தே வரும். காமிக்ஸில் அப்படியில்லை, 1962லிருந்தே அவனே வீட்டில் உட்கார்ந்து பசையும் செய்து, மணிக்கட்டில் மாட்டும் கருவியும் செய்துகொண்டான், சண்டை நடுவில் பசை தீர்ந்துபோய் முழிப்பான். இதைப் பெரியவனான பிறகு படித்தபோது எனக்கு அந்தக் காமிக்ஸ்காரன்தான் நம்ம ஆளாகத் தெரிந்தான். நூல் தீர்ந்தால் தறி நிற்கும், அவ்வளவுதானே.

நூலகத்து ஆள், காட்பாடி

ஆளாளுக்கு ஒரு வயது சொல்வதால் கணக்கை ஒருமுறை ஒழுங்காக வைத்துவிடலாம். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் ஃபேன்டசி 15வது இதழ், 12 சென்ட் விலை, 11 பக்கக் கதை. எழுத்து ஸ்டான் லீ, படம் ஸ்டீவ் டிட்கோ, அட்டை ஜாக் கிர்பி. முதலில் கிர்பிதான் சில பக்கங்கள் வரைந்தார், பையன் ரொம்ப வீரனாகத் தெரிகிறான் என்று லீ அதை டிட்கோவிடம் மாற்றிக் கொடுத்தார். டிட்கோவின் பையன், அதாவது முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கர், கண்ணாடி போட்ட நோஞ்சான். லீ பிற்பாடு பல பேட்டிகளில் சொன்னபடி, பதிப்பாளர் மார்ட்டின் குட்மேனுக்கு இது பிடிக்கவே இல்லை. சிலந்தி என்றால் ஜனங்களுக்கு அருவருப்பு, பதின்வயதுப் பையன் என்றால் ஹீரோவுக்கு எடுபிடியாகத்தான் வர வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பத்திரிகை எப்படியும் நிற்கப்போகிறது என்பதால் கடைசி இதழில் போட்டுப் பார்த்தார்கள். விற்பனை வந்த பிறகு 1963 மார்ச்சில் அவன் பேரிலேயே தனி இதழ்.

ஆக அவன் பிறந்தபோது வயது 15. 1965 செப்டம்பரில், 28வது இதழில் பள்ளிப் படிப்பை முடித்தான். மூன்று வருடத்தில் மூன்று வயது, நியாயமான வளர்ச்சி. அதற்கப்புறம் கல்லூரிப் பட்டமளிப்பு விழா வந்தது 1978ல், 185வது இதழில்! அதிலும் உடற்பயிற்சி வகுப்பு ஒன்று பாக்கி என்று பட்டம் கைக்கு வரவில்லை. பதிமூன்று வருடம் படித்தும் ஒரு அரியர். நம் பக்கத்து இன்ஜினியரிங் பையன்கள் இதைப் படித்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அவனை வளர்த்தவரை எல்லாரும் ‘பென் மாமா’ என்றுதான் சொல்கிறார்கள். அப்பாவின் அண்ணன், அப்படியென்றால் பெரியப்பா. மே பெரியம்மா. பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்கிற அந்தப் பிரபலமான வரியை 1962 கதையில் பெரியப்பா சொல்லவும் இல்லை. அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரி. மல்யுத்தத்தில் காசு பார்க்கப் போனவன், ஓடிவந்த திருடனைத் தடுக்காமல் நின்றான், அதே திருடன் பெரியப்பாவைக் கொன்றான். அதற்கப்புறம் யார் வந்து புத்தி சொல்ல வேண்டும்?

மேல்விஷாரத்து வாசகர்

சார் கணக்கு சரி, ஆனால் எனக்கு 9 வயசு, அவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

மாமா ஜித்தாவில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வரும் பார்சலில் கண்ணாடி டம்ளர், சென்ட் பாட்டில் எல்லாவற்றையும் அங்கத்து ஆங்கிலப் பேப்பரில் சுற்றி வைத்திருப்பார். டம்ளரை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், கசங்கிய பேப்பர் எனக்கு. அதில்தான் மூன்று கட்டம் போட்ட ஸ்பைடர்மேன். 1977லிருந்து நாளிதழுக்கென்றே தனியாக ஓடிய தொடர் அது. மூன்று கட்டத்தில் என்ன பெரிய சண்டை நடந்துவிடும்? பாதி நாள் அவனும் மேரி ஜேனும் வீட்டில் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு டம்ளரில் சுற்றிய பேப்பர் மார்ச் மாதம், இன்னொன்று ஜூன், நடுவில் என்ன நடந்தது என்று நானே கதை கட்டி தம்பிக்குச் சொல்வேன். இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்து நோட்டில் ஒட்டியதில் ஏழெட்டுத் துண்டு இன்னும் இருக்கிறது.

1987ல் கல்யாணம் செய்து வைத்தார்கள், 2007ல் காமிக்ஸ் புத்தகத்தில் அதை அழித்தார்கள். பெரியம்மா உயிரைக் காப்பாற்ற மெஃபிஸ்டோ என்கிற சைத்தானோடு பேரம், விலை அவர்கள் கல்யாணம். அது நடந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காதாம். கல்யாணமானவன் என்றால் கிழவன் மாதிரித் தெரிகிறான், சின்னப் பையன்கள் ஒட்ட மாட்டார்கள் என்று கம்பெனிக்குக் கவலை. என் வீட்டில் இதைச் சொன்னபோது, “உங்களுக்கும் அப்படி ஒரு பேரம் வந்தால் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவீங்க” என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

நைட் டூட்டி அக்கா

நான் நர்ஸ், ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். குழந்தைகள் வார்டில் இவன் இல்லாத நாளே கிடையாது, டீ ஷர்ட், தண்ணி பாட்டில், மாவுக்கட்டுமேல் ஸ்டிக்கர். ஒரு பையன் முகமூடியைக் கழற்றவே மாட்டேன் என்று அடம். நானும் சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கையை மட்டும் வாங்கி ஊசியைப் போட்டேன். அழுதானா இல்லையா என்று எனக்கே தெரியாது, அந்த முகமூடி அப்படி. முகத்தில் ஒரு இன்ச் தோல்கூடத் தெரியாமல் மூடும்படி டிட்கோ வரைந்ததால்தான் எந்த ஊர்ப் பிள்ளையும் அதைப் போட்டுக்கொள்ள முடிகிறது என்று எங்கோ படித்தேன், அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

படித்ததில் மறக்காதது 1973ல் வந்த 121வது இதழ். அவன் காதலி க்வென் பாலத்திலிருந்து விழுகிறாள், இவன் வலையை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான், பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறான். அவள் கழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சின்ன சத்தம் போட்டிருக்கும். வண்டியில் விழுந்து வருகிற கேஸ் பார்த்தவர்களுக்குப் புரியும், விழுந்ததைவிட சடாரென்று நின்றதுதான் கழுத்தை ஒடிக்கும். காமிக்ஸ் வரைகிறவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன். அதோடு அவன் பையனாக இருந்த காலம் முடிந்துபோனது, அதற்குப் பிறகு எந்த முகமூடியைப் போட்டு மறைத்தாலும்.

சத்துவாச்சாரி அம்மா

எனக்கு 38, அவனுக்கு 13. என் பெண் இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய ஆள் மைல்ஸ் மொராலெஸ். 2000ல் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்து பீட்டரை மறுபடி 15 வயதுப் பையனாக்கி ஒரு தனித் தொடர் போட்டார்களாம், 2011ல் அந்தப் பீட்டரைச் சாகடித்துவிட்டு, அந்த இடத்தில் ப்ரூக்ளினிலிருந்து இவன். அப்பா கறுப்பினத்தவர், அம்மா ப்வெர்த்தோ ரிக்கோக்காரர். அம்மா அப்பா இரண்டு பேரும் உயிரோடு, வீட்டுக்கு லேட்டாக வந்தால் கேள்வி கேட்கிறார்கள்! எனக்கு அதுதான் பிடித்தது. பெரியவர்களைக் கொன்றால்தான் பிள்ளை ஹீரோவாகுமா என்ன.

2023 படத்தில் நம் நாட்டுப் பையன் பவித்ர் பிரபாகர் வந்தபோது தியேட்டரில் விசில். அவனும் புதுசு இல்லை, 2004லேயே வந்த காமிக்ஸ், அதில் வேட்டி மாதிரிக் கட்டியிருப்பான், சிலந்தி கடிக்காது, ஒரு யோகி சக்தி கொடுப்பார். என் பெண் கேட்டாள், ஏன் எப்போதும் மும்பை, வேலூரில் ஒருத்தன் இருக்கக் கூடாதா என்று. இங்கே வலை வீசித் தொங்க உயரமான கட்டடம் எத்தனை இருக்கிறது? கோட்டை மதிலில் ஒட்டிக்கொண்டு ஏறலாம், விழுந்தால் அகழி. மே மாத வெயிலில் அந்த உடையைப் போட்டால் மதியத்துக்குள் அவனுக்கே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

நூலகத்து ஆள், காட்பாடி

காந்தி ரோட்டுக்காரருக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. உங்கள் புத்தகத்தில் பக்கம் எதுவும் கிழியவில்லை. நீங்கள் சொல்வது 32வது இதழின் கதை. அவன் இயந்திரத்துக்கு அடியில் கிடக்க, தண்ணீர் சொட்டச் சொட்ட, அதோடு அந்த இதழே முடிகிறது. அவன் அதைத் தூக்குவது 1966 பிப்ரவரி தேதியிட்ட 33ல், கட்டம் கட்டமாக ஐந்து பக்கத்துக்கு. உங்களுக்குக் கிடைத்தது மறுபதிப்பாகத்தான் இருக்க வேண்டும். தொடரும் என்கிற சேதி அந்தக் கரையான் தின்ற மூலையில் போயிருக்கலாம்.

காந்தி ரோட்டுக்காரன்

இப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருடமாக அந்தக் கல்கத்தாப் பையன்தான் கிழித்துவிட்டான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் அவனும் அந்த லாட்ஜ் ரூமில், கீழே மருந்துக்கடை வரிசையில் வீட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அந்த இடம் வரைக்கும்தான் படித்திருக்கிறான். அடுத்த இதழ் அவனுக்குக் கிடைத்ததா?

புத்தகம் பரணில் இருக்கிறது. முதல் பக்கத்து வங்காள எழுத்தை போட்டோ எடுத்துப் போடுகிறேன், படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். பெயர் மட்டும் இருந்தால் இங்கே போடாதீர்கள், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.