சென்னை–பெங்களூரு பழைய ரோடு: சித்தூர் வழியா, ஆம்பூர் வழியா?

காட்பாடிக்காரன்:
வணக்கம். அப்பாவையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லியிலிருந்து ஓசூர் வரை காரில் போய் வந்தேன். பைபாஸில் ஏறக்கூடாது, எங்கெல்லாம் ஊருக்குள் பழைய ரோடு இருக்கிறதோ அங்கெல்லாம் அதில்தான் போக வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அந்தக் காலத்தில் இதே தடத்தில் லாரி ஓட்டியவர். ஆறுவழிச் சாலையில் போகும்போது அவருக்கு எதுவுமே பிடிபடவில்லை, இது எந்த ஊர் இது எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. மாட்டுவண்டிக்காரன் இறங்கி ராத்தங்கிய இடங்கள், நமக்கு ஒரு பச்சை போர்டு, அவ்வளவுதான். காவேரிப்பாக்கம் ஏரி தாண்டி வாலாஜா ஊருக்குள் நுழைந்ததும்தான் மனுஷனுக்கு உயிர் வந்தது. ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து நம்பர் போட்ட ஒரு புளியமரத்தைக் காட்டி, இதன் அடியில்தான் ஸ்டெப்னி மாற்றுவோம் என்றார். அதே மரம்தானா என்று சித்தப்பா கேட்டதற்குப் பதில் இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். பெங்களூருக்கு உண்மையான பழைய ரோடு சித்தூர், பலமநேர் வழிதான், ஆம்பூர் வழி பின்னால் வந்தது என்கிறார் அப்பா. சித்தப்பா அடித்துச் சொல்கிறார், படைகள் போனதெல்லாம் ஆம்பூர் வழியாக என்று. வீட்டில் இன்னும் ஓயவில்லை. யார் சொல்வது சரி? அப்புறம் வேலூர் பக்கம் பழைய ரோடு எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறது?

பாலாற்று மணல்:
ரெண்டு பேரும் சரிதான், பஞ்சாயத்தை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். லாரிக்காரர் மனதில் இருப்பது பழைய என்எச் 4. அது ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகத்தான் பெங்களூரு போனது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி போனது தனி ரோடு, என்எச் 46. 2010இல் நம்பர்களை மாற்றியபோது ஆம்பூர் வழிக்கு 48 என்று பெயர் வந்தது, ராணிப்பேட்டை–சித்தூர் துண்டு 40 ஆனது. ஆக அப்பா சொன்ன ரோடு ஊரிலேயே இருக்கிறது, அந்தஸ்துதான் போய்விட்டது.

படை விஷயத்தில் ரெண்டு வழியிலும் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1740இல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி மராத்தியரிடம் உயிரை விட்டது சித்தூருக்கு அந்தப் பக்கம், தாமல்செருவு கணவாயில் (அது கடப்பை போகிற தடம் என்றாலும் சித்தூர் பக்கக் கணக்குதான்). 1749இல் நவாப் அன்வருதீன் செத்தது ஆம்பூரில். இதில் எனக்குப் பிடித்தது 1791இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் செய்த வேலை. திப்புவின் மேல் படையெடுத்து வேலூருக்கு வந்தவர், ஆம்பூர் கணவாய் வழியாக ஏறப்போவது போல் போக்குக் காட்டிவிட்டு, சட்டென்று வடக்கே திரும்பிச் சித்தூர் போய் மொகிலி கணவாயில் மேலே ஏறிவிட்டார். உங்கள் வீட்டுச் சண்டையை வைத்தே திப்புவை ஏமாற்றியிருக்கிறார் மனுஷன்!

இப்போது போட்டுக்கொண்டிருக்கும் 262 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ்வே ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர் பக்கமாகத்தான் போகிறது. அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

விஷாரத்து ஆள்:
மணல் அண்ணன் கணவாயோடு நிறுத்திவிட்டார், எங்கள் பக்கத்தை விட்டுவிட்டார். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவில் உள்ள 25 கிலோமீட்டர்தான் என்னைப் பொறுத்தவரை இந்த ரோட்டின் உயிர். 1806 ஜூலை 10 விடிகாலை வேலூர்க் கோட்டையில் கம்பெனிப் படைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றியில் நாமம் திருநீறு கூடாது, தாடி கூடாது என்று போட்ட உத்தரவுகள்தான் பற்றவைத்தன. உள்ளே திப்புவின் பிள்ளைகள் வேறு இருந்தார்கள், கோட்டையில் மைசூர்க் கொடி ஏறிவிட்டது. சேதி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு இந்த ரோட்டில்தான் பாய்ந்து வந்தான். கயிற்றைப் பிடித்து மதில் ஏறி, பின்னால் வந்த பீரங்கியால் கதவை உடைத்து, அன்று பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். ஆற்காடு இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரத்தினகிரி தாண்டும்போதெல்லாம் யோசிப்பேன்.

பழைய ரோடு எங்கே என்று கேட்டீர்கள். ஆற்காட்டில் பாலாற்றங்கரை டெல்லி கேட்டில் ஆரம்பியுங்கள். அப்புறம் வேலூரில் சத்துவாச்சாரியில் கிரீன் சர்க்கிள் பக்கம் போகாமல் ஊருக்குள் திரும்புங்கள். சிஎம்சி ஆஸ்பத்திரி முன்னால் போவது ஆற்காடு ரோடு, கோட்டையைச் சுற்றி வந்து கொணவட்டம் பக்கம் வெளியேறுவது பெங்களூரு ரோடு. ரெண்டையும் சேர்த்தால் அதுதான் பழைய டிரங்க் ரோடு. பொய்கையில் போய் மெயின் ரோட்டைப் பிடிக்கலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், மாட்டுச் சந்தை. ஆற்காட்டில் மக்கன் பேடா சாப்பிட்டீர்களா? விண்டால் உள்ளே முந்திரியும் பாதாமும் ஜீராவில் ஊறி இருக்கும். சாப்பிடாமல் வந்திருந்தால் பயணம் கணக்கில் சேராது.

ஆம்பூர் அக்கா:
தம்பிகளா, புளியமரம் புளியமரம் என்று உருகாதீர்கள். அந்த ரோடு ரெண்டு வண்டி ஒதுங்கவே பத்தாது. ராத்திரியில் எதிரே வருகிற லாரி ஹைபீமில் கண் கூசி அதே புளியமரத்தில் மோதிச் செத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ரோடு அகலமானது நல்லதுதான். என் வருத்தம் வேறு. நாலுவழி வந்ததும் ஊரை ரெண்டாகக் கிழித்துவிட்டார்கள், தோல் ஷாப்பில், அதாவது தோல் தொழிற்சாலையில், வேலை முடிந்து வருகிற பெண்கள் எதிர்ப்பக்கம் போக எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்று ரோடு போட்டவர்கள் யாரும் நடந்து பார்க்கவில்லை. எக்ஸ்பிரஸ்வே வந்தால் பிரியாணிக்கடைக்கு வண்டி குறையும் என்கிறார்கள். குறையட்டும், கத்தரிக்காய்க் குழம்பு எங்களுக்காவது மிஞ்சும்.

காட்பாடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கார்ன்வாலிஸ் கதையைச் சொன்னதும் அப்பா, பார்த்தாயா நான் சொன்னேன் என்று ஆரம்பித்துவிட்டார். ஏமாறுவதற்கு ஆம்பூர் வழி இருந்தால்தானே ஏமாற்ற முடியும் என்று சித்தப்பா. அடுத்து மொகிலி வழியாகப் போகவேண்டுமாம். அக்கா சொன்னதை அப்பா மறுக்கவில்லை, அவரோடு ஓடிய கிளீனர் ஒருவர் அப்படித்தான் போனாராம்.

பாலாற்று மணல்:
மொகிலி போவதென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பலமநேர் பக்கம் கவுண்டின்யா காடு, யானை நடமாட்டம் உண்டு, இருட்டிய பிறகு அந்த மலை ரோட்டில் நிற்காதீர்கள். டீசலைச் சித்தூரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.