படிகத்தின் அதிர்வை முதன்முதலாகப் பார்த்தது எப்போது? உங்கள் அனுபவங்கள்

நானே தொடங்குகிறேன். இரண்டு மாதம் எனக்கு ஒரு அலைகூடத் தெரியவில்லை. லித்தியம் நயோபேட் படிகம், 800 நானோமீட்டர் டைட்டானியம்-சஃபையர் லேசர். லேசர் ஒளி மிகக் குறுகிய துடிப்புகளாக வரும்; முதல் துடிப்பு படிகத்தைத் தட்டி அணுக்களை ஆடவிடும். பின்னால் வரும் துடிப்பு அந்த ஆட்டத்தைப் படித்துக்கொண்டு வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் திரையில் அலை விழ வேண்டும். எனக்குக் கிடைத்தது பூஜ்ஜிய நேரத்தில், அதாவது இரண்டு துடிப்பும் ஒன்றாக வந்து சேரும்போது, ஒரு பெரிய கூர்முனை, அப்புறம் வெறும் நேர்கோடு.

படிகத்தைத்தான் சந்தேகப்பட்டேன். திருப்பி வைத்தேன், துடைத்தேன், வேறு துண்டு மாற்றினேன். கடைசியில் துடிப்பின் நீளத்தைப் படிகம் நிற்கும் இடத்திலேயே அளந்தேன். லேசரை விட்டு வெளியே வரும்போது 40 ஃபெம்டோ வினாடி (ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ வினாடி); படிகத்தருகே 100-ஐத் தொட்டுவிட்டது! வழியிலிருந்த லென்ஸ், போலரைசர் எல்லாம் சேர்ந்து சுமார் 3 செ.மீ. கண்ணாடி. அதற்குள் நீண்ட அலைகள் முந்த, குறுகிய அலைகள் பிந்த, துடிப்பு இழுபட்டுப் போகிறது. நான் தேடிய அதிர்வோ 7.6 டெராஹெர்ட்ஸ் (வினாடிக்கு 7.6 லட்சம் கோடி ஆட்டம்), ஓர் ஆட்டத்துக்கு 132 ஃபெம்டோ வினாடிதான். ஊஞ்சலைச் சட்டென்று தள்ளிவிட்டுக் கையை எடுக்க வேண்டும்; போய்வரும் நேரமெல்லாம் கையை அதன் மேலேயே வைத்திருந்தால் எங்கே ஆடும்?

இரண்டு பட்டகங்களை வைத்துத் துடிப்பைச் சுருக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடி ஏறியிருக்கும் டிலே ஸ்டேஜ், துடிப்புகளுக்கு நடுவிலுள்ள நேரத்தைக் கூட்டும் நகரும் மேடை, இரண்டிரண்டு மைக்ரானாக நகர்ந்தது. ஒளி போய்த் திரும்புவதால் ஒரு மைக்ரானுக்கு 6.7 ஃபெம்டோ வினாடி. திரையில் புள்ளி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இருபது மைக்ரானுக்கு ஓர் ஆட்டம். மேசையைத் தொடவே பயந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: துடிப்பைப் படிகத்தருகில் அளந்துவிட்டு வாருங்கள்.

*

உங்களுக்காவது அலை வந்தது. நான் எடுத்தது பேரியம் டைட்டனேட். அதன் அமைப்பு மாறும் 120 டிகிரி செல்சியஸை நெருங்க நெருங்க, அதன் ஓர் அதிர்வு மென்மையாகி வேகம் குறைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. 1960-ஐ ஒட்டி இயற்பியலாளர்கள் கோக்ரனும் ஆண்டர்சனும் சொன்ன கருத்து அதுதான்: ஓர் அதிர்வு தளர்ந்துகொண்டே போய், அந்த வழியிலேயே படிகத்தின் அமைப்பு மாறும். அதற்கும் முன்பே, 1940-இல், ராமனும் நெடுங்காடியும் குவார்ட்ஸைச் சூடாக்கி, அது சிதறவிட்ட ஒளியின் நிறமாலையில் ஒரு கோடு அகன்று நகர்வதைப் பார்த்துவிட்டார்கள். துடிப்பு லேசர் ஏதுமில்லாத காலம். நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

எனக்குக் கிடைத்தது ஆட்டமே இல்லாமல் சட்டென்று தேய்ந்துவிடும் ஒரு வளைவு. கருவிதான் பழுது என்று ஒரு வாரம் தேடினேன். பழுது எதுவும் இல்லை. பேரியம் டைட்டனேட்டில் அந்த அதிர்வுக்குத் தணிப்பு மிக அதிகம். தேனுக்குள் விட்ட ஊசல் மாதிரி ஒரு தடவைகூட முழுதாக ஆடாது. லெட் டைட்டனேட்டுக்கு மாறியபின் ஒழுங்காக ஆடியது. ஆனால் அதன் கியூரி வெப்பநிலை, அதாவது அமைப்பு மாறும் வெப்பநிலை, 490 டிகிரி பக்கம், அதனால் அடுப்போடு வேறு மல்லுக்கட்டு.

இன்னொன்று: பேரியம் டைட்டனேட்டை அவசரமாகக் குளிரவிடாதீர்கள். உள்ளே டொமைன்கள் (மின்முனைப்பு வெவ்வேறு திசையில் நிற்கும் பகுதிகள்) கன்னாபின்னாவென்று பிரிந்து, லேசர் கற்றை பால்போலச் சிதறும்.

*

லித்தியம் நயோபேட் பற்றி ஒரு வார்த்தை. 400 நானோமீட்டரில் தட்டினேன். காலையில் அழகாக வரும் சிக்னல், மத்தியானத்துக்குள் பாதியாகிவிடும். ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன்: வட்டமாக இருந்த புள்ளி படிகத்தின் துருவ அச்சுப் பக்கம் (அதன் மின்முனைப்பு நிற்கும் திசை) நீண்டு, வால் விட்டிருந்தது. ஒளியே படிகத்துக்குள் மின்னூட்டத்தை நகர்த்தி, ஒளிவிலகலை மாற்றிக்கொண்டிருக்கிறது. சூடாக்கினால் அழியும், மறுநாள் திரும்ப வரும். 5 சதவீதம் மெக்னீசியம் ஆக்சைடு கலந்த படிகம் வாங்கிய பிறகு சாயங்காலம் வரை புள்ளி வட்டமாகவே நின்றது.