சி++ புரோகிராமுக்குள் இருந்து ஆர் ஃபங்ஷனை அழைத்தால் கிராஷ்

கேள்வி:
லினக்ஸில் ஓடும் சி++ சர்வர். ஒவ்வொரு கோரிக்கைக்கும் 40 எண்களை ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியில் உள்ள மாடலுக்குக் கொடுத்து ஒரு எண்ணைத் திரும்ப வாங்க வேண்டும். ஆர் கோடை ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட் கட்டளையைத் தனியாக ஓட்டினால், கணக்கை விட ஆர் கிளம்புவதற்கே அதிக நேரம் ஆகிறது. ஆரை சர்வருக்கு உள்ளேயே ஏற்றியதும், ஆர் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஆர்_ஹோம் இல்லை என்று நின்றது. அந்த வேரியபிளை செட் செய்தபின் ஓடுகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் (தப்பான நினைவக இடத்தைத் தொட்டதால் வரும் கிராஷ்). ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்.

பதில்:
இடம் மாறி மாறி விழுகிறது என்றால் முதலில், பயன்படாத ஆப்ஜெக்டுகளை அழிக்கும் கார்பேஜ் கலெக்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆரில் எந்த அலொகேஷனும் (நினைவகம் ஒதுக்குவது) அதைக் கிளப்பிவிடலாம். சி++ வேரியபிளில் மட்டும் வைத்திருக்கும் ஆர் ஆப்ஜெக்ட் அதன் கண்ணுக்குத் தெரியாது. 40 எண்களுக்கு வெக்டர் உருவாக்கி, அடுத்து ஃபங்ஷன் அழைப்புக்கான கால் ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே அந்த வெக்டர் காலியாகிவிடலாம். உருவாக்கிய கையோடு, அதை அழிக்காதே என்று சொல்லும் ப்ரொடெக்ட் போடுங்கள். ரிசல்ட்டை ஒரு டபுளில் எடுத்துக்கொண்ட பிறகு, அதே எண்ணிக்கையில் அன்ப்ரொடெக்ட். மாடல் ஃபங்ஷன் போலக் கடைசிவரை தேவைப்படுவதற்கு ப்ரிசர்வ்ஆப்ஜெக்ட்.

உறுதி செய்ய, ஆருக்குள், கார்பேஜ் கலெக்டரை அடிக்கடி ஓட வைக்கும் ஜிசிடார்ச்சர் ஆன் செய்து ஓட்டுங்கள். மிக மெதுவாக ஓடும், ஆனால் தப்பான வரி உடனே விழும்.

மாடல் ஃபைலை ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை சோர்ஸ் செய்தால் (ஆருக்குள் ஏற்றினால்) போதும்.

இன்னொரு பதில்:
ஆர் ஃபங்ஷனை ஓட்ட வெறும் ஈவலைப் பயன்படுத்தாதீர்கள். ஆரில் எரர் வந்தால் லாங்ஜம்ப் செய்து வெளியே தாவும். இடையில் உள்ள, சுத்தம் செய்யும் சி++ டிஸ்ட்ரக்டர்கள் ஓடாமல் போகலாம். பூட்டிய மியூடெக்ஸ் (ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) பூட்டியபடியே நிற்கும். எரரைப் பிடித்துக்கொள்ளும் டிரைஈவல் போட்டு எரர் ஃபிளாகைப் பாருங்கள்.

மாடல் இன்டீஜர் கொடுத்தால் அதை டபுளாகப் படிக்கும் வரியிலும் எரர் வரும், அது டிரைஈவலுக்கு வெளியே. ஆர் பக்கத்திலேயே ஆஸ்.நியூமரிக் செய்து அனுப்புங்கள்.

கேட்டவர்:
ப்ரொடெக்ட் விடுபட்டிருந்தது, சரியாகிவிட்டது. நன்றி. சர்வரில் 4 த்ரெட்கள் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடுபவை) உண்டு. ஆரைச் சுற்றி ஒரு மியூடெக்ஸ் போதுமா?

பதில்:
போதாது. ஆர் தான் தொடங்கிய த்ரெட்டின் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகம்) எல்லையைக் குறித்து வைத்துக்கொள்ளும். வேறு த்ரெட்டிலிருந்து அழைத்தால், ஒரே சமயத்தில் ஒரு அழைப்புதான் என்றாலும், ஸ்டாக் எல்லையைத் தொட்டுவிட்டதாக எரர் வரும். சிஸ்டாக்லிமிட் என்ற ஆர் வேரியபிளை -1 ஆக்கி அந்தச் சோதனையை அணைக்கலாம். ஆனால் ஆருக்கென்று ஒரே ஒரு த்ரெட் ஒதுக்கி, இனிஷியலைஸ் முதல் எல்லாவற்றையும் அதிலேயே செய்து, மற்றவை க்யூவில் வேலையைப் போடுவதுதான் உறுதியான வழி. இனிஷியலைஸுக்கு முன் சிக்னல்ஹேண்ட்லர்ஸ் என்ற ஆர் வேரியபிளை 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் கன்ட்ரோல்-சி ஆருக்குப் போய்விடும்.

நாலும் உண்மையிலேயே ஒரே நேரத்தில் கணக்குப் போட வேண்டுமென்றால் இந்த வழி உதவாது, ஒரு பிராசஸுக்கு ஒரு ஆர்தான். ஆரைத் தனி சர்வராக ஓட்டும் ஆர்சர்வ் பாருங்கள்: இயல்பு போர்ட் 6311, லினக்ஸில் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஃபோர்க் செய்து (பிராசஸை நகலெடுத்து) தனி ஆர் கொடுக்கும். த்ரெட்டுக்கு ஒரு கனெக்ஷனைத் திறந்தே வைத்திருங்கள்.