கடல் மீனு ஏன் உப்பு கரிக்கல?

பாம்பன் பையன்:
எங்க கடல் தண்ணி லிட்டருக்கு 35 கிராம் உப்புங்கிறாங்க, அதுலயே கெடக்குற நகரைய குழம்பு வெச்சா அம்மா தனியா உப்பு அள்ளிப் போடுது. லெவன்த் புக்குல சோடியம் பொட்டாசியம் பம்ப்புன்னு ஒரு புரோட்டீன், செல்லுலருந்து 3 சோடியம் வெளிய 2 பொட்டாசியம் உள்ளன்னு மனப்பாடம் பண்ணியாச்சு. அதுதான் உப்ப கடலுக்குத் தள்ளுதா?

தொண்டி டீச்சர்:
நேரா தள்ளல தம்பி. மீனு ரத்தத்துல உப்பு கடல விட ரொம்பக் கம்மி, சுமார் மூணுல ஒரு பங்கு, அதனால ஒடம்புத் தண்ணி வெளிய போயிட்டே இருக்கும், அத ஈடுகட்ட கடல் தண்ணியத்தான் குடிக்குது. கூட வந்த உப்ப செவுள்ல இருக்குற சில செல்லுங்க வெளியேத்தும். ஆனா வேடிக்கையப் பாரு, அந்த பம்ப் இருக்குறது ரத்தத்தப் பாத்த பக்கம்! ஏடிபிய, அதாவது செல்லோட எரிபொருள, செலவழிச்சு சோடியத்த ரத்தத்துக்கே திருப்பி அனுப்புது. செல்லுக்குள்ள சோடியம் கொறஞ்சதும், பக்கத்துல உள்ள வேற ஒரு புரோட்டீன் வழியா ரத்தத்துலருந்து சோடியம் முண்டியடிச்சு உள்ள வரும், வரும்போது 1 பொட்டாசியத்தயும் 2 குளோரைடயும் சேத்து இழுத்துட்டு வந்துரும். குளோரைடு உள்ள சேர்ந்து சேர்ந்து கடல் பக்கத்து சேனல்ங்கிற புரோட்டீன் வாசல் வழியா தானா வெளிய போகும், சோடியம் ரெண்டு செல்லுக்கு நடுவுல உள்ள சந்துல நழுவிரும். ஏடிபி செலவு பம்ப்புக்கு மட்டும்தான், மத்ததெல்லாம் ஓசி சவாரி. அந்த குளோரைடு சேனல் பேரு சிஎஃப்டிஆர், நமக்கும் இருக்கு, பரம்பரையா பழுதா வந்தா அதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கிற நுரையீரல்ல சளி கெட்டியாகுற நோய்.

மண்டபம் வாசி:
டீச்சர் ஒண்ண விட்டுட்டாங்க, இந்த பம்ப்பக் கண்டுபுடிச்சதே நண்டுலதான். டென்மார்க்ல ஜென்ஸ் ஸ்கௌ நண்டுக் கால் நரம்ப அரைச்சுப் பாத்து 1957ல எழுதுனாரு, நோபல் குடுத்தது 1997ல. நாம கால ஒடச்சு ரசம் வெக்கிறோம் 😄

கீழக்கரை நானா:
அப்ப சுறா? அதுவும் குடிக்குமா? ரெண்டு மணி நேரம் வெளிய கெடந்தா மூக்கப் பொத்த வேண்டியிருக்கு

தொண்டி டீச்சர்:
சுறா ரூட்டே வேற நானா. ரத்தத்துல யூரியாவ சேத்து வெச்சுக்கும், அதனால தண்ணி வெளிய ஓடாது, கடல் தண்ணி குடிக்க அவசியமே பெருசா இல்ல. செத்ததும் பாக்டீரியா அந்த யூரியாவ அமோனியாவா ஆக்கிரும், நீங்க சொல்ற வாடை அதான். ஆனா உள்ள ஏறுற உப்ப எடுக்க மலக்குடல் ஓரத்துல ஒரு சுரப்பி உண்டு, அதுலயும் இதே பம்ப், இதே சேனல்தான்.