புதுப்பிப்பு: சாட்ஸ்வர்த் குடிசைப் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வர்த் பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் சிலரை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மறுத்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. சேர்த்துவிட்டார்கள்! ஒருவன் மட்டும் பாட்டியோடு ஊருக்குப் போயிருக்கிறான், வந்ததும் பார்க்க வேண்டும்.

அந்தப் பதிவின் இழையில் ஒரு அண்ணன் சொன்ன வழிதான் கைகொடுத்தது. ஆவணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது, சான்றிதழுக்குப் பதில் பெற்றோரோ வளர்ப்பவரோ தரும் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) போன்ற வேறு ஆதாரத்தை ஏற்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் இந்நாட்டின் மக்காண்டா நகர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அஃபிடவிட்டுக்குப் போலீஸ் ஸ்டேஷனிலேயே காசில்லாமல் முத்திரை போட்டுத் தருகிறார்கள். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை, பாவம், பழைய விதியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கட்டணம். இங்கே அரசுப் பள்ளிகளைச் சுற்றுப்புறத்தின் வறுமையை வைத்து ஐந்து பிரிவாக்கி, ஏழ்மை மிகுந்த முதல் மூன்றுக்குத்தான் கட்டணமில்லை என்கிறார்கள். இந்தப் பள்ளி அதற்கு மேலே இருப்பதால் தகரக் கொட்டகையிலிருந்து வரும் பிள்ளைக்கும் பில் வருகிறது, என்ன கணக்கோ! ஆனால் கட்டவில்லை என்று சேர்க்க மறுக்க 1996 பள்ளிச் சட்டம் விடாது. பிள்ளையின் பெயரில் அரசின் சமூகநல உதவித்தொகை வாங்குபவர்களுக்கு முழு விலக்கும் உண்டு. அந்த விண்ணப்பங்களைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு தொடர்கிறது. ஜூலு மொழிப் படக்கதைப் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஆங்கிலப் புத்தகம் வேண்டாம், ஏற்கெனவே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.