'சேஃபர் ரெக்ரூட்மென்ட்': தமிழில் என்ன போடலாம்?

ஈரோட்டிலிருந்து:
வணக்கம். எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆசிரியர்களையும் தன்னார்வலர்களையும் சேர்ப்பதற்கு ஒரு கையேடு தயாராகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் நடைமுறையைப் பார்த்து எழுதுகிறோம். பொறுப்பை எழுத்தில் வரையறுப்பது, விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், தன் மேல் வழக்கு உண்டா என்று தானே எழுதித் தரும் வாக்குமூலம், நேர்காணல், அரசின் குற்றப்பதிவுச் சோதனை, சேர்ந்த பிறகு பயிற்சி என எல்லாம் சேர்ந்ததுதான் 'சேஃபர் ரெக்ரூட்மென்ட்'. அதில் ஒரு படி 'பேக்ரவுண்ட் செக்'. இப்போதைக்கு 'பாதுகாப்பான ஆட்சேர்ப்பு', 'பின்னணிச் சரிபார்ப்பு' என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். நல்ல சொல் இருந்தால் சொல்லுங்க.

திருப்பூரிலிருந்து:
யாராவது 'பாதுகாப்பு ஆட்சேர்ப்பு' என்று சுருக்கினால் போச்சு, வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க என்று வரிசையில் வந்து நிற்பார்கள். பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலையில் இருப்பவன் சொல்கிறேன். 'விசாரித்துச் சேர்த்தல்' போதும். எல்லாருக்கும் புரியும்.

தாராபுரத்திலிருந்து:
'விசாரித்து' வேண்டாங்க அண்ணா. நம்ம பக்கம் விசாரிக்கறதுன்னாலே கல்யாணத்துக்குத்தான். எந்த ஊரு, என்ன கூட்டம் (குலம்), தோட்டம் எத்தனை ஏக்கர். படிவத்தில் 'பின்னணி' என்று ஒரு கட்டம் போட்டுப் பாருங்க, பாதிப் பேர் சாதியை எழுதித் தருவார்கள். இதற்கு முன் இருந்த இடத்தில் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதுதானே நமக்கு வேண்டும்? 'முன்நடத்தைச் சரிபார்ப்பு' என்று வையுங்க.

கோபியிலிருந்து:
அன்பர்களே, வள்ளுவர் 51ஆம் அதிகாரத்துக்கே 'தெரிந்து தெளிதல்' என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருக்க, வடசொல்லான விசாரம் நமக்கு எதற்கு? 'தேறற்க யாரையும் தேராது', ஆராயாமல் யாரையும் நம்பாதே என்கிறார். தெரி, தெளி, தேர், தேறு நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. தேற்றாங்கொட்டையும் அந்தக் குடும்பம்தான். கலங்கல் தண்ணீர் வைக்கும் குடத்தின் உட்புறத்தில் அதை உரசினால் மண்டி அடியில் இறங்கி நீர் தெளியும். கலித்தொகையில் இதே உவமை இருக்கிறது, மரத்துக்கு அங்கே 'இல்லம்' என்று பெயர். உங்கள் பழைய வேதாகமமும் தேர்ந்தெடுப்பதைத் 'தெரிந்துகொள்ளுதல்' என்றே சொல்லும். ஆகவே 'தெரிந்து சேர்த்தல்'. இரண்டுமே தூய தமிழ்.

கோவையிலிருந்து:
ஐயா, குடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படிவத்துக்கு வாங்க. 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளின்படி குழந்தைகள் புழங்கும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களைக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். விதி பணியாளர் என்றுதான் பேசுகிறது. சம்பளம் வாங்காத ஞாயிறு பள்ளி அண்ணன்களையும் அக்காக்களையும் கையேடுதான் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

அப்புறம், காவல்துறை தரும் தாளை 'நன்னடத்தைச் சான்று' என்று எழுதிவிடாதீங்க. பதிவில் வழக்கு இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. யாரும் புகார் கொடுக்காத ஆளுக்கும் அதே தாள்தான் வரும். 2002இல் இங்கிலாந்தின் சோஹம் ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் ஒரு பள்ளியில் பராமரிப்பாளராக இருந்தார். வேறொரு பகுதியின் காவல்துறைக்கு அவர்மேல் ஏற்கெனவே பல புகார்கள் வந்திருந்தன. வேலைக்கு எடுத்த பள்ளிக்கு அது போய்ச் சேரவில்லை. அங்கே சட்டத்தையே மாற்றியது அந்த வழக்குதான்.

தாராபுரத்திலிருந்து:
புலவர் ஐயா சொன்ன சொல் அழகாத்தான் இருக்குங்க. ஆனால் எங்கள் செயற்குழுவில் வாசித்தால் 'தெரிந்தவரைச் சேர்த்தல்' என்றே காதில் விழும். இப்போ நடப்பதும் அதுதானே? 'நம்ம தெரிஞ்ச பையன், உபதேசியார் மச்சான், இவனுக்கு எதுக்குப் படிவம்?' இதை நிறுத்தத்தான் கையேடே போடுகிறோம்.

கோபியிலிருந்து:
அம்மணி, சொல்லின் மேல் பழி போட வேண்டாம். வினையெச்சத்துக்கும் வினையாலணையும் பெயருக்கும் வேறுபாடு தெரியாத செயற்குழுவுக்கு முதலில் இலக்கண வகுப்பு எடுங்கள். வேண்டுமானால் 'தேர்ந்து சேர்த்தல்'.

திருப்பூரிலிருந்து:
தேர்ந்து என்றால் பரீட்சை வைப்பார்களா என்று கேட்பார்கள்.

ஈரோட்டிலிருந்து:
இன்னொரு சிக்கல். மூலத்தில் 'சேஃப்' இல்லை, 'சேஃபர்'. ஆபத்தைக் குறைக்கலாம், இல்லாமலே செய்ய முடியாது என்ற அடக்கம் அதில் இருக்கிறது. 'பாதுகாப்பான' என்றால் முழு உத்தரவாதம் கொடுத்த மாதிரி ஆகிறது. எங்கள் போதகருக்கு 'ஆட்சேர்ப்பு' என்பதே பிடிக்கவில்லை. ஊழியத்துக்கு அழைப்பு உண்டு, ஆளெடுப்பு கிடையாது என்கிறார்.

தாராபுரத்திலிருந்து:
'ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே' என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் போதகரிடம் காட்டுங்க. கைகளை வைப்பது என்றால் ஊழியத்துக்கு நியமிப்பதுதானே. அழைப்பு வந்தவரும் படிவம் நிரப்பலாம்.

ஈரோட்டிலிருந்து:
சரிங்க, நேரம் இல்லை. தலைப்பு 'பாதுகாப்பான ஆட்சேர்ப்பு' என்றே இருக்கட்டும், முழு உத்தரவாதம் இல்லை என்று முதல் பத்தியில் சொல்லிவிடுகிறேன். உள்ளே 'முன்நடத்தைச் சரிபார்ப்பு'. காவல்துறைத் தாளுக்குக் 'குற்றப்பதிவு அறிக்கை'. எல்லாருக்கும் நன்றி.

கோபியிலிருந்து:
எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அதோடு முன் + நடத்தை புணர்ந்தால் 'முன்னடத்தை'. முன்னாள், முன்னிலை போல. பிழையோடு அச்சேற்றாதீர்கள்.

திருப்பூரிலிருந்து:
'முன்னடத்தை'யா? அதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க ஐயா.