கவச உடை இல்லாத மருத்துவர் சிகிச்சை அளிக்க மறுக்கலாமா?

நெய்தல்:
பெருந்தொற்றின்போது உரிய கவச உடை தரப்படவில்லையென்றால் நோயாளியைத் தொட மறுக்கும் உரிமை மருத்துவருக்கு வேண்டும் என்பது என் கருத்து. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் ஏறத்தாழ 1,15,000 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களை இழந்ததால் சிகிச்சை கிடைக்காமல் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

மருதம்:
நெய்தல் அவர்களே, தீயணைப்பு வீரர் எரியும் வீட்டின் முன் நின்று நிபந்தனை விதிப்பதில்லை. 2003இல் வியட்நாமின் ஹனோயில் சார்ஸ் என்னும் சுவாசத் தொற்றுநோயை முதலில் இனங்கண்டு எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி, நோயாளிகளை விட்டு விலகவில்லை. தாமும் தொற்றுக்கு ஆளாகி அவ்வாண்டு மார்ச் 29 அன்று பாங்காக்கில் உயிர்நீத்தார். 2021 மே மாதம் என் தந்தை ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே காத்துக் கிடந்தபோது, வாசலுக்கு வந்து பார்த்த மருத்துவர் அன்று மறுத்திருந்தால் தந்தை இன்று எங்களோடு இருந்திருக்க மாட்டார்.

செம்பருத்தி:
மருதம் ஐயா, தங்கள் தந்தை நலமடைந்தது மகிழ்ச்சி. ஆனால் தீயணைப்பு வீரரை உடையும் தண்ணீரும் இல்லாமல் அனுப்பினால், அனுப்பிய அதிகாரியைத்தானே கேட்போம்? உர்பானியும் முதலில் வலியுறுத்தியது நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதையும் ஊழியர்களின் பாதுகாப்பையும்தான். அந்தச் சார்ஸ் தொற்றில் பாதிக்கப்பட்ட 8,096 பேரில் 1,706 பேர் மருத்துவப் பணியாளர்கள். அதாவது ஐந்தில் ஒருவர்.

2020இல் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் முதுநிலை மருத்துவ மாணவியாக இருந்தேன். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும்போது நோயாளியின் வாய்க்கும் நம் முகத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம்தான் இருக்கும்; கண்ணாடி ஆவியில் மங்கிவிடும்; அந்த நொடியில் அவர் இருமினால் நம்மைக் காப்பது முகக்கவசம் ஒன்றுதான். ஒரே என்95 முகக்கவசத்தைக் காகித உறையில் போட்டு வைத்து, நாள் மாற்றி நாள் அணிந்தோம்.

நெய்தல்:
சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் 2020 ஏப்ரலில் ஒரு கும்பல் தாக்கியது. சில நாள்களில், ஏப்ரல் 22 அன்று, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு அது சிறைத்தண்டனை விதித்தது. முகக்கவசம் தராத நிர்வாகத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மருதம்:
நிர்வாகத்தின் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கண்ணெதிரே ஒருவர் மூச்சுத் திணறும்போது, அந்தத் தவற்றின் விலையை அவர் ஏன் தர வேண்டும்? மருத்துவரே, நீங்கள் என்றேனும் மறுத்ததுண்டா?

செம்பருத்தி:
மறுத்ததில்லை, ஐயா. ஓர் இரவு புது முகக்கவசங்கள் பண்டக அறையில் பூட்டிக் கிடந்தன. சாவி வைத்திருந்தவர் காலையில்தான் வருவார். சாதாரண முகக்கவசம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு குழாயைச் செலுத்தினேன். நான் முன்னே போனதால் செவிலியர் அக்காவும் ஒன்றும் கேட்காமல் வந்து, நோயாளியின் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து தணிந்தது. அக்கா மூன்று வாரம் ஆக்சிஜனில் இருந்தார். அன்று முடிவெடுத்தவள் நான். அவரிடம் யாரும் கேட்கவில்லை.